விலகியவரும் விலக்கப்பட்டவரும்

தமிழில் ‘விலகு’ தன்வினை; ‘விலக்கு’ பிறவினை. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு ககர ஒற்று மட்டுமே. இலக்கண வகுப்பில் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும் இந்த வேறுபாட்டின்மீதுதான் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை இழப்போரின் சட்ட உரிமைகள் அனைத்தும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் விலகினாரா, விலக்கப்பட்டாரா என்ற கேள்விக்கு ஆவணம் தரும் விடை ஒன்று, நடந்தது வேறொன்று. அந்த ஆவணத்தை எழுதுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நடைமுறை இத்துறையில் உள்ளோர் அனைவரும் அறிந்ததே. பணியாளர் ஒரு திட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டு ‘பெஞ்ச்’ எனப்படும் காத்திருப்பில் வைக்கப்படுகிறார். அல்லது செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் கெடு விதிக்கப்படுகிறது. பின்னர் மனிதவளத் துறையிலிருந்து அழைப்பு வருகிறது. விலகல் கடிதம் கொடுத்தால் பணி விடுவிப்புச் சான்றும் அனுபவச் சான்றும் சிக்கலின்றிக் கிடைக்கும். கொடுக்க மறுத்தால் ‘பணிநீக்கம்’ என்று பதிவாகும். அடுத்த நிறுவனம் முன்பணியைச் சரிபார்க்கும் முறை இருக்கும் வரையில் இந்த இரண்டாம் வழியை யாரும் எளிதில் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே கடிதம் எழுதப்படுகிறது. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற தொடர் அதில் இடம்பெறுகிறது. எழுவாய் பணியாளர், வினை தன்வினை. உண்மையான வினைமுதல் வாக்கியத்தில் எங்கும் இல்லை.

இந்த ஒரு கடிதத்தால் இழக்கப்படுபவை எவை? 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் ஆட்குறைப்புக்கு வகுத்த விதி தெளிவானது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்வதாயின் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தரவேண்டும்; பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும்; அரசுக்கும் தெரிவிக்கவேண்டும். ஆனால் அச்சட்டத்தின் ‘ஆட்குறைப்பு’ என்ற வரையறைக்குள் தன்விருப்ப ஓய்வு வராது. 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதே அடிப்படையைப் பின்பற்றுகிறது. அத்தொகுப்பு புதிதாக ஒன்றைச் சேர்த்துள்ளது: ஆட்குறைப்புக்கு உள்ளான ஒவ்வொரு தொழிலாளருக்காகவும் முதலாளி பதினைந்து நாள் ஊதியத்தை மறுதிறன் நிதியில் செலுத்தவேண்டும், அத்தொகை 45 நாள்களுக்குள் தொழிலாளரின் கணக்கில் சேரவேண்டும். நல்ல ஏற்பாடுதான். எனினும் அது ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கே உரியது. விலகல் கடிதம் எழுதியவருக்கு அந்நிதியும் இல்லை.

அரசின் வேலையின்மை உதவி என்று இந்தியாவில் குறிப்பிடத்தக்கதாக இருப்பது, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 2018இல் தொடங்கிய அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. வேலை இழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை வழங்கும் திட்டம் இது. இக்காப்பீட்டின் ஊதிய உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். ஆகவே வரம்பின் உச்சியில் இருப்பவருக்கும் மூன்று மாதத்தில் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 31,500 ரூபாய்தான். மென்பொருள் பொறியாளரில் பெரும்பாலோர் அவ்வரம்புக்கு மேல் ஊதியம் பெறுவதால் அவர்களுக்கு இத்திட்டத்தின் கதவு தொடக்கத்திலேயே மூடியிருக்கிறது. வரம்புக்குள் உள்ள தரவு உள்ளீட்டாளருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பணியாளருக்கும் கதவு திறந்திருந்தாலும், தன்விருப்ப ஓய்வு பெற்றவருக்கு உதவி இல்லை என்ற விதி அங்கேயும் காத்திருக்கிறது.

இனி மற்றொரு சொல்: ‘தொழிலாளர்’. 1947ஆம் ஆண்டுச் சட்டம் உடலுழைப்பு, திறன்சார், தொழில்நுட்ப, செயற்பாட்டு, எழுத்தர், மேற்பார்வைப் பணி செய்வோரைத் தொழிலாளர் என்கிறது. நிர்வாகப் பணியாளரையும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளரையும் விலக்குகிறது. மேற்பார்வையாளருக்கான அந்தத் தொகை 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 10,000 ரூபாய். புதிய தொகுப்பில் 18,000 ரூபாய். ஒருவர் எந்த வகைக்குள் அடங்குகிறார் என்பதைப் பதவிப் பெயரை வைத்து முடிவு செய்யலாகாது, அவர் செய்யும் முதன்மைப் பணியை வைத்தே முடிவு செய்யவேண்டும் என்பது நீதிமன்றங்கள் தொடர்ந்து கடைப்பிடித்துவரும் நெறி. எச். ஆர். ஆத்யந்தாயா எதிர் சாண்டோஸ் வழக்கில் 1994இல் உச்சநீதிமன்றம், சட்டம் பட்டியலிட்ட பணிவகைகளுள் ஒன்றிலேனும் ஒருவர் அடங்கினால்தான் அவர் தொழிலாளர் என்றது. நிரல் எழுதுவதும் சோதிப்பதும் ‘தொழில்நுட்பப் பணி’ ஆகாவிடில் வேறு எதுதான் ஆகும்? ஆயினும் பத்தாண்டு பணியாற்றிய ஏறக்குறைய எவருடைய பதவிப் பெயரிலும் ‘மேலாளர்’ என்றோ ‘தலைவர்’ என்றோ ஒட்டு ஒன்று சேர்ந்துவிடுகிறது. இருவருக்கு வேலை பகிர்ந்தளிக்கும் நிரலாளர் நிர்வாகியாகக் காட்டப்படுகிறார். அவர் தாம் தொழிலாளர்தான் என்று மெய்ப்பிக்க வழக்காடவேண்டும். வழக்காடும் ஆண்டுகளில் வீட்டுக்கடன் தவணை காத்திருப்பதில்லை.

மாநில அரசுகளின் நிலைப்பாடு ஒரே தன்மையதாக இல்லை. 2016இல் தமிழ்நாடு அரசு, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் தொழிற்தகராறுச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவை அல்ல, அவற்றின் ஊழியர் சங்கம் அமைக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. அதற்கு முன்னரே, 2015 சனவரியில், பெருநிறுவனம் ஒன்றால் பணிநீக்கப்பட்ட கருவுற்ற பெண் ஊழியர் ஒருவரின் மனுவில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியிருந்தது. கர்நாடகமோ பணிநிலைமைகளை எழுத்தில் வரையறுக்கக் கோரும் 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திலிருந்து இத்துறைக்கு மீண்டும் மீண்டும் விலக்களித்து, 2024இல் மேலும் ஐந்தாண்டு நீட்டித்தது. குறைதீர் குழு அமைத்தல், பணிநீக்கம் போன்ற நடவடிக்கைகளைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தல் முதலிய நிபந்தனைகள் அவ்விலக்கோடு இணைந்திருந்தன. ஆனால் பணிநீக்கத்தைத் தெரிவிக்கவேண்டும் என்ற நிபந்தனை, ஆவணத்தில் பணிநீக்கமே இல்லாதபோது என்ன செய்யும்? மறுபடியும் அதே ககர ஒற்று.

நூறு பேருக்கு மேல் உள்ள இடத்தில் ஆட்குறைப்புக்கு அரசின் முன்னனுமதி வேண்டும் என்ற விதி இருந்ததே, புதிய தொகுப்பு அதை முந்நூறாக உயர்த்திவிட்டதே என்று சிலர் கவலைப்படுவதுண்டு. அக்கவலை நியாயமானது, ஆனால் அது வேறு களத்துக்கு உரியது. அவ்விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கே பொருந்தியது, இன்றும் அவ்வாறே. ஆறு இலட்சம் பேர் பணிபுரியும் மென்பொருள் நிறுவனம் ஒருபோதும் அதன் எல்லைக்குள் இருந்ததில்லை. 2025 சூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் பணியாளரில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை, அந்நிதியாண்டுக்குள் விடுவிக்கப்போவதாக அறிவித்தபோது அரசின் அனுமதி என்ற கேள்வியே எழாததற்குக் காரணம் இதுதான். அடுத்த காலாண்டின் முடிவில் அந்நிறுவனத்தின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 குறைந்திருந்தது. அதில் தாமாக விலகியோர் எத்தனை பேர், விலக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதற்கு நிறுவனம் சொல்வதே கணக்கு. அதைச் சரிபார்க்க உதவும் பொதுப்பதிவேடு அரசிடம் இல்லை.

அரசு இதில் என்ன செய்ய இயலும் என்ற கேள்விக்கு ஒரே நிறுவனத்தின் நான்கு ஆலைகள் விடை தருகின்றன. நோக்கியா 2008இல் செருமனியின் போகும் நகர ஆலையை மூடி, உற்பத்தியை உருமேனியாவின் குளூசு நகரருகே கொண்டுசென்றது. போகுமில் வேலை இழந்தோர் ஏறத்தாழ 2,300 பேர். தொழிற்சங்கத்தோடு பேசி 20 கோடி யூரோ அளவிலான சமூகத் திட்டம் வகுக்கப்பட்டது. ஆலைக்கு முன்பு மானியம் அளித்திருந்த மாநில அரசு அதைத் திருப்பிக் கேட்டது. இறுதியில் அந்நகரின் வளர்ச்சித் திட்டத்துக்கு நிறுவனம் 2 கோடி யூரோ வழங்க உடன்பட்டது. 2011இல் உருமேனிய ஆலையும் மூடப்பட்டது. 2012இல் பின்லாந்தின் சாலோ ஆலையில் உற்பத்தி நின்றது. இம்மூன்று இடங்களிலும் வேலை இழந்தோருக்கு ஐரோப்பிய உலகமயமாதல் சரிக்கட்டு நிதி பயிற்சிக்கும் வேலைதேடலுக்கும் சிறுதொழில் தொடங்கவும் உதவியது. அதனால் எல்லாரும் மீண்டனர் என்று கூற இயலாது. சாலோ நகரம் நெடுங்காலம் வேலையின்மையில் தவித்தது. ஆனால் அவர்கள் யார், எத்தனை பேர், எந்த வயதினர் என்பதை ஓர் அரசு அமைப்பு அறிந்திருந்தது.

நான்காவது ஆலை திருப்பெரும்புதூரில் இருந்தது. 2006இல் உற்பத்தி தொடங்கிய அவ்வாலைக்குச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் சலுகைகள் அனைத்தும் கிடைத்தன. வரித்தகராறு காரணமாக அது மைக்ரோசாப்டுக்குக் கைமாறவில்லை. கைப்பேசிகளுக்கான ஒப்பந்தமும் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி முடிந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே ஆயிரக்கணக்கானோர் தன்விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்று வெளியேறியிருந்தனர். அவர்களில் பலர் பள்ளிப்படிப்போ பட்டயப்படிப்போ முடித்த கையோடு கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்; பெண்கள் பெருந்தொகையினர். இருபத்தைந்து வயதில் ‘தன்விருப்ப ஓய்வு’ பெறுவதென்பது சொற்பொருளியலில் வியப்புக்குரிய நிகழ்வு. ஆலை மூடும்போது எஞ்சியிருந்தோரைவிட முன்பே ‘விரும்பி’ விலகியோரே மிகுதி. மூடலின் பெரும்பகுதி, ஆவணப்படி, மூடலே அன்று.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு மறுப்பு உண்டு: ஐரோப்பா செல்வம் மிக்கது, இந்தியாவால் இயலாது. மறுப்பில் உண்மை உண்டு; அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பும் வேலையின்மையில் பொதுவுதவி பெறும் உரிமையை ‘அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டே’ வழங்கச் சொல்கிறது. ஆனால் இங்கே கேட்கப்படுவது கருவூலத்திலிருந்து வழங்கும் கொடை அன்று. தென்கொரியா 1995இல் வேலைவாய்ப்புக் காப்பீட்டைத் தொடங்கியது முதலாளியும் தொழிலாளரும் செலுத்தும் பங்களிப்பை அடிப்படையாகக் கொண்டுதான். மாதம் தவறாமல் ஊதியமும் வரிப்பிடித்தமும் கணக்கில் பதிவாகும் ஒரு துறையில் இத்தகைய பங்களிப்பைப் பிடிப்பது வேறெந்தத் துறையையும்விட எளிது. நீண்டகாலம் மானியத்திலேயே நம்பிக்கை வைத்திருந்த சிங்கப்பூரும், விருப்பமின்றி வேலை இழந்தோருக்கு ஆறு மாதத்தில் 6,000 சிங்கப்பூர் வெள்ளி வரை வழங்கும் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கிவிட்டது.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று. நாட்டின் உழைப்பாளரில் மிகப்பெரும்பாலோர் முறைசாராத் துறையில் எவ்விதப் பாதுகாப்புமின்றி உழைக்கும்போது, குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்போருக்கு அரசு ஏன் கவலைப்படவேண்டும்? இம்மறுப்பை எள்ளி ஒதுக்கலாகாது. ஆனால் அது இரண்டு உண்மைகளைக் காணத் தவறுகிறது. முதலாவது, இத்துறையில் புதிதாகச் சேரும் பட்டதாரியின் ஆண்டு ஊதியம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்று முதல் நான்கு இலட்சத்திலேயே தேங்கியிருக்கிறது. பெங்களூரிலோ புணேயிலோ விடுதி வாடகையும் கல்விக்கடனும் போக அதில் மிஞ்சுவது சொற்பம். வேலையோடு சேர்ந்து நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் முடிவதால், அதை நம்பியிருந்த பெற்றோரின் சிகிச்சையும் நடுவில் நிற்கிறது. இரண்டாவது, நிறுவன வளாகத்தின் துப்புரவுப் பணியாளர், காவலர், வாடகை வண்டி ஓட்டுநர், அருகிலுள்ள உணவுக்கடை ஆகியோரின் பிழைப்பு அவ்வளாகத்தின் இருக்கைகள் நிரம்பியிருப்பதைப் பொறுத்தது. பங்களிப்புக் காப்பீடு ஒரு முறை அமைந்துவிட்டால் ஒப்பந்தத் தொழிலாளரை அதனுள் கொண்டுவருவது அடுத்த படி. உயர் ஊதியத்தாரை வெளியே நிறுத்தும் காப்பீடு, பங்களிப்பு மெலிந்து, ஏழைக்கும் மெலிந்த உதவியையே தரும். 31,500 ரூபாய்க் கணக்கு அதற்குச் சான்று.

வேலையிழப்பின் காரணம் செயற்கை நுண்ணறிவா, அமெரிக்கச் சந்தையின் சுணக்கமா, நிறுவனங்கள் கூறும் ‘திறன் பொருந்தாமை’யா என்ற விவாதம் கருத்தரங்குகளில் நடந்துகொண்டே இருக்கிறது. ஆய்வுக்கு அது தேவை. உதவிக்கு அது நிபந்தனையாகக் கூடாது. அமெரிக்கா 1962இல் தொடங்கிய வணிகச் சரிக்கட்டு உதவித் திட்டம், வேலை போனதற்கு வெளிநாட்டு வணிகமே காரணம் என்று நிறுவினால்தான் உதவியது. காரணத்தை நிறுவும் சுமை வேலை இழந்தோரின் பக்கம் நின்றது. தானியங்கி இயந்திரத்தால் வேலை இழந்த அண்டை வீட்டாருக்கு ஒன்றும் இல்லை. நாடாளுமன்றம் புதுப்பிக்காமையால் 2022 சூலையிலிருந்து புதியவர்களுக்கு அத்திட்டமும் இல்லை. ஒரு காரணத்தோடு கட்டப்பட்ட உதவி, அக்காரணம் அரசியலில் மதிப்பிழக்கும்போது தானும் மதிப்பிழக்கிறது.

ஆகவே செய்யவேண்டியவை நான்கு. முதலாவது, சொல்லைத் திருத்துவது. ஒரு நிறுவனத்திலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விலகல் கடிதங்கள் வருமாயின், அவை ஆட்குறைப்பு அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தையே சாரவேண்டும். இது புதுமை அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுக் கூட்டுப் பணிநீக்க நெறியாணை, தனிமனிதர் சாராத காரணங்களுக்காக முதலாளியின் முன்முயற்சியால் முடியும் பணி ஒப்பந்தங்களையும், குறைந்தது ஐந்து பணிநீக்கங்கள் இருப்பின், பணிநீக்கக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. முன்முயற்சி யாருடையது என்பதே அங்கே கேள்வி. கடிதத்தில் கையெழுத்து யாருடையது என்பதன்று.

இரண்டாவது, முன்னறிவிப்பு. நூறு பேருக்கு மேல் பணியமர்த்தும் அமெரிக்க நிறுவனங்கள் பெருந்தொகைப் பணிநீக்கத்துக்கு 60 நாள் முன்னரே அறிவிக்கவேண்டும் என்று அந்நாட்டின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தொழில்முனைவின் தாயகமாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் நாட்டில் இது இயலுமெனில், அந்நாட்டு வாடிக்கையாளரை நம்பி இயங்கும் இந்திய நிறுவனங்களுக்கும் இயலும். மூன்றாவது, காப்பீட்டின் ஊதிய வரம்பை அகற்றி, பங்களிப்பை ஊதியத்துக்கு ஏற்பவும் உதவியை ஓர் உச்சத்துக்கு உட்பட்டும் அமைப்பது. விலகல், விலக்கல் என்ற பெயரைப் பார்க்காமல் வேலையின்மையைப் பார்த்து உதவுவது. நிறுவனங்களுக்கும் இது கேடன்று. பணிநீக்கத்தை எளிதாக்கி, வேலையின்மை உதவியையும் பயிற்சியையும் வலுவாக்கிய டென்மார்க்கில் தொழில் நலிந்துவிடவில்லை. நான்காவது, சலுகைகளுக்கான நிபந்தனை. மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்தின்கீழ் இத்துறை 2011 மார்ச்சு வரை வருமானவரி விலக்குப் பெற்றது. அதன் பின்னும் சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகள் தொடர்ந்தன. நிலமும் மின்கட்டணச் சலுகையும் கேட்கும் விண்ணப்பத்தில் ‘உருவாக்கப்படும் வேலைகள்’ என்ற கட்டம் இருக்கிறது. ‘நீக்கப்பட்ட வேலைகள்’ என்ற கட்டம் ஆண்டறிக்கையில் இருக்கவேண்டும்.

இவற்றில் பல்கலைக்கழகங்களுக்கும் பங்குண்டு. மறுதிறன் நிதி என்ற பெயரில் கணக்கில் விழும் பதினைந்து நாள் ஊதியம் வாடகைக்குப் போகும். அதனால் எவரும் மறுதிறன் பெறப்போவதில்லை. நாற்பது வயதில் வேலை இழந்த சோதனைப் பொறியாளர் ஆறு மாதம் மாலை வகுப்பில் சேர்ந்து படிக்க அரசுப் பொறியியற் கல்லூரியின் வாயில் திறந்திருக்கிறதா? ஆய்வகங்கள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகின்றன. மற்றொரு புறம், சேர்க்கை விளம்பரங்களில் வளாக வேலைவாய்ப்பு விழுக்காடு பெரிதாக அச்சிடப்படுகிறது. அப்படிச் சேர்ந்தவர் மூன்றாண்டுக்குப் பின் எங்கே இருக்கிறார் என்பதை எந்தக் கல்லூரியும் அச்சிடுவதில்லை. பொருளியல், சட்டம், சமூகவியல் துறைகளின் முனைவர்ப்பட்ட மாணவர் தம் கல்லூரியின் முன்னாள் மாணவரைக் கொண்டே தொடங்கக்கூடிய கள ஆய்வு இது. அரசிடம் பதிவேடு இல்லாத நாட்டில் முதற்பதிவேடு ஆய்வேட்டிலிருந்து வருவதில் தவறில்லை.

வேலை இழந்தவர் அடுத்த நேர்காணலுக்குச் செல்லும்போது முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: முந்தைய பணியிலிருந்து ஏன் விலகினீர்கள்? கேள்வியிலேயே வினை முடிவாகிவிட்டிருக்கிறது. சட்டமும் இதே கேள்வியைத்தான் இதுவரை கேட்டுவருகிறது. அதை ‘உங்களை விலக்கியது யார்?’ என்று மாற்றிக் கேட்கும் துணிவு அரசுக்கு வரும் நாளில்தான் உதவி என்ற சொல் உரியவரைச் சென்றடையும்.